ரோமின் வெள்ளிக் காசு செம்பானது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சார், கி.பி. 235 முதல் 284 வரை ரோமப் பேரரசு ஆட்டம் கண்டதற்குக் காசில் வெள்ளி குறைந்ததுதான் காரணமா?

பதில்: உண்மையான நோய், பட்டாளத்துச் சம்பளம்; வெள்ளி குறைந்தது அதன் அறிகுறி. பேரரசர் கரகல்லா சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கினார். 215-இல் ஒரு புதுக் காசு அடித்தார், அன்டோனினியானஸ் என்கிறோம். மதிப்பு இரண்டு தெனாரியஸ் (ரோமின் வழக்கமான வெள்ளிக் காசு), உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரை தெனாரியஸுக்குத்தான். 235-இல் பேரரசர் அலெக்சாண்டர் செவரஸைப் படையே கொன்றது. அதன்பின் எவன் அரியணை ஏறினாலும் முதலில் படைக்கு அள்ளிக் கொடுத்தாக வேண்டும். 270 வாக்கில் அந்தக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

கேள்வி: அவ்வளவு செம்பு கலந்தால் பார்த்ததும் தெரியாதா?

பதில்: புதுக் காசில் தெரியாது. கலப்பு உலோக வில்லையைச் சூடாக்கினால் மேற்பரப்புச் செம்பு கருக்கும். அமிலத்தில் போட்டால் அது மட்டும் கரைந்து வெள்ளித் தோல் நிற்கும். பிறகு முத்திரை அடிப்பார்கள். புழங்கப் புழங்க, மேடான இடங்களான மூக்கும் கிரீடமும்தான் முதலில் சிவக்கும். வெள்ளி மிகவும் குறைந்த பிறகு மேலே பூச வேண்டியதாயிற்று.

கேள்வி: விலைவாசி உடனே எகிறியிருக்குமே?

பதில்: இல்லை, பலர் தவறுவது இங்கேதான். அன்று ரோமின் கீழிருந்த எகிப்தின் பாப்பிரஸ் (நாணல் தாள்) கணக்குகளில், காசு கெட்ட வேகத்துக்குக் கோதுமை விலை ஏறவில்லை. 274-275 வாக்கில், பேரரசர் அவுரேலியன் நாணயத்தைச் சீர்திருத்திய சமயத்தில், திடீரென்று சுமார் பத்து மடங்கு தாவியது. ஆனால் நம்பிக்கை முன்பே ஆட ஆரம்பித்துவிட்டது: 260-இல் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகர வங்கிக்காரர்கள் பேரரசர் காசை வாங்க மறுத்துக் கடையைச் சாத்தினார்கள். திறக்கச் சொல்லி அதிகாரி போட்ட உத்தரவு இன்றும் இருக்கிறது.

கேள்வி: 271-இல் ரோமில் காசாலைத் தொழிலாளர் கலகத்தில் 7,000 வீரர்கள் செத்தார்களாமே?

பதில்: பழைய நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: பேரரசர் டயோக்ளீஷியன் 301-இல் கொண்டுவந்த விலைக்கட்டுப்பாடு ஏன் பலிக்கவில்லை?

பதில்: துறைமுகத்திலும் உள்நாட்டு ஊரிலும் ஒரே உச்சவரம்பு. அதே ஆணை வண்டி வாடகையை 1,200 பவுண்டு பாரத்துக்கு மைலுக்கு 20 தெனாரியஸ் என்கிறது. அந்தச் செலவைச் சரக்கு விலையில் ஏற்ற வழியில்லை. மீறினால் மரண தண்டனை. வியாபாரி சரக்கைப் பதுக்காமல் என்ன செய்வான்?

கேள்வி: ஐயா, கோயம்புத்தூர் பக்கம் புதையலாகக் கிடைப்பதும் இந்தக் கலப்படக் காசுதானா?

பதில்: இல்லை. அங்கே பெரும்பாலும் முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நல்ல வெள்ளி. 64-இல் பேரரசர் நீரோ ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்பதை 96 ஆக்கினார், தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு நம் பக்கம் வெகு குறைவு.