முதல்முறை கோழி வளர்க்க எந்த இனம், எப்படிப்பட்ட கூண்டு?

கூண்டை முதலில் முடிவு பண்ணுங்கள், கோழி அப்புறம். "6 கோழிக்குப் போதும்" என்று விற்கிற கூண்டுகள் பலவற்றில் 3 கோழிகூட நிம்மதியாக இருக்க முடியாது. உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய்கிற அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி என்று கணக்குப் போடுங்கள். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும்.

காற்றோட்டம்தான் பலர் கவனிக்காதது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், அதனால் அவை உட்காரும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டி வலையடித்த திறப்பு கட்டாயம் இருக்கட்டும். முட்டையிடும் பெட்டி 3, 4 கோழிக்கு ஒன்று போதும், ஆனால் கட்டையைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் உயரமான இடம் தேடி பெட்டிக்குள்ளேயே தூங்கி எச்சமிட்டு வைக்கும். மெல்லிய கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாயைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலையே வாங்குங்கள்.

இனம் என்றால், ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப், பிளைமவுத் ராக் மூன்றும் புதியவர்களுக்கு ஏற்றவை, நன்றாக முட்டையிடும். லெகார்ன் நிறைய முட்டை தரும், ஆனால் மிரளும், பறக்கும். ஆர்பிங்டன் ரொம்ப சாது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், அடிக்கடி அடை உட்காரும், அப்போது முட்டை நின்றுவிடும். கோழி கூட்டமாக வாழ்கிற பறவை, குறைந்தது 3 வாங்குங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை.