எடை மேடையில் சோதனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இயேசுவுக்கே புகழ். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் எடை மேடையில் வேலை செய்கிறேன். சீசனில் ராத்திரி முழுக்க லோடு வரும். சில வியாபாரிகள் லோடு எடை போடும்போது ஆட்களை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, காலி எடைக்கு மட்டும் இறக்கிவிடுகிறார்கள். ஆட்களின் எடையும் மாங்காய்க் கணக்கில் சேர்ந்துவிடும். கண்டுகொள்ளாமல் இருந்தால் சீட்டோடு ஐந்நூறு ரூபாய் மடித்து வரும். போன சீசனில் இரண்டு தடவை வாங்கிவிட்டேன். குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்தத் தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். ஆனாலும் வண்டி மேடை ஏறும்போதே மனசு அந்த நோட்டுக்குத்தான் போகிறது. மகள் நர்சிங் படிக்கிறாள், பீஸ் பாக்கி இருக்கிறது. நினைப்பு வருவதே பாவமா? இவ்வளவு தவம் இருந்தும் ஏன் விடவில்லை? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நினைப்பு வருவது பாவமில்லை. இதில் தெளிவு இல்லாவிட்டால் 'நினைத்ததே பாவம்தான், இனி வாங்கினால் என்ன' என்று மனசு அடுத்த அடி வைத்துவிடும். இயேசு எல்லா வகையிலும் நம்மைப்போலவே சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் 4:15 சொல்கிறது.

இயேசுவின் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் புனித அகுஸ்தினார் பாவத்துக்கு மூன்று படி காட்டுகிறார்: தூண்டுதல், அதில் ருசி, பிறகு சம்மதம். உங்கள் மேடையிலேயே வைத்துப் பார்ப்போம். கேபினில் மூன்று தலை தெரிகிறது, போன வருஷத்து நோட்டு ஞாபகம் வருகிறது. அது தூண்டுதல். 'இன்றைக்கு நாலு வண்டி வந்தால் இரண்டாயிரம்' என்று கணக்கு ஓடுகிறதே, அது ருசி. எடையைப் பதிவு செய்து சீட்டை அச்சிடுவது சம்மதம். கணக்கை ஓடவிட்டுவிட்டு, கடைசியில் சீட்டு அச்சிடும் நேரத்தில் மட்டும் கையை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அங்கே நின்று போராடுவது மிகக் கடினம். கணக்கு தொடங்கும் இடத்திலேயே வெட்ட வேண்டும்.

வெட்டுவது என்றால் வாதாடுவது அல்ல. தொடக்க நூல் 3ஆம் அதிகாரத்தில் ஏவாள் பாம்போடு பேச்சு கொடுத்தாள். மத்தேயு 4இல் இயேசு ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே வசனம் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். மூன்றுமே பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. இத்தனைக்கும் சாத்தான் திருப்பாடல் 91ஐ எடுத்துக்காட்டிப் பேசுகிறான். வசனம் தெரிந்தவனிடம் விவாதத்தில் ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

உங்களுக்கு ஏற்ற வசனம் இணைச்சட்டம் 25:13. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருக்காதே என்கிறது. ஆளோடு ஒரு எடை, ஆள் இல்லாமல் ஒரு எடை: அந்தப் பையில் இருக்கும் இரண்டு கல்லும் இவைதான். மூன்று பேர் ஏறக்குறைய 200 கிலோ. பத்து டன் லோடில் அது இரண்டு சதவீதம். 'பெரிய ஆலைக்கு இது என்ன நஷ்டம்' என்று மனசு சொல்லும். ஆலை அந்த நஷ்டத்தைக் கழிவு என்ற பெயரில் அடுத்த விவசாயியின் லோடில் பிடித்தால், கிளிமூக்கு மாங்காய் கொண்டுவந்த யாரோ ஒருவர் உங்கள் ஐந்நூறு ரூபாயைக் கட்டுகிறார்.

தவம் ஏன் உதவவில்லை என்கிறீர்கள். நாற்பது நாள் நோன்புக்குப் பிறகுதான் இயேசுவுக்கே சோதனை வந்தது; முதல் சோதனை அப்பம். பசி பொய்யில்லை. உங்கள் மகளின் பீஸும் பொய்யில்லை, அதைப் பேராசை என்று திட்டிக்கொள்ளாதீர்கள். ஒருசந்தி வயிற்றை அடக்கும், பீஸ் கட்டாது. அதற்குப் பகலில் தனியாக வழி தேட வேண்டும். கல்லூரியில் தவணை கேளுங்கள். டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) சிறுபான்மையினருக்குக் கல்விக்கடன் தருகிறது. கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள். கடனோ தவணையோ ஒன்று உறுதியானாலே அந்தக் கணக்குக்குப் பாதி வேகம் போய்விடும்.

இனி மேடைக்கு. வண்டி ஏறுவதற்கு முன்பே, உள்ளே யார் இருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பே, சத்தமாகச் சொல்லுங்கள்: "எல்லாரும் இறங்கிடுங்கண்ணா, அப்புறம்தான் எடை." ராத்திரி முதல் வண்டியிலிருந்து, சொந்தக்காரர் வண்டி வரைக்கும் இதே வார்த்தை. நோட்டைப் பார்த்த பிறகு சொன்னால் அது பேரமாகிவிடும். லோடு எடைக்கும் காலி எடைக்கும் ஒரே விதி. ஒவ்வொரு தடவையும் திரையில் பூஜ்யம் பார்த்துவிட்டு வண்டியை ஏற்றுங்கள். 'எடையின்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது' என்று ஒரு போர்டு வைக்க மேனேஜரைக் கேளுங்கள். போர்டு இருந்தால் வியாபாரியின் கோபம் உங்கள் மேல் விழாது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற நூல். சோதிக்கிறவன் எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கவே விரும்புவான் என்கிறார் அதில். ஆகவே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு தினமும் கண்காணிக்கும் முறையும் அதில் இருக்கிறது. எழுந்ததும் தீர்மானம், மதியமும் இரவும் தன்னைத்தானே பரிசோதிப்பது. நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். நீங்கள் நைட் ஷிப்ட் என்பதால் ஷிப்டுக்கு முன்பு, இடைவேளை, முடிவு என்று மாற்றிக்கொள்ளலாம். 'நேர்மையாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள், அதை அளக்க முடியாது. 'நோட்டுக் கணக்கை ஓடவிட்டேனா' என்பதற்கு மட்டும் புள்ளி வையுங்கள்.

விடியற்காலை இரண்டு மணிக்கு வெறும் டீயோடு உட்காராதீர்கள். இறைவாக்கினர் எலியா சாக விரும்பியபோது வானதூதர் முதலில் அப்பமும் தண்ணீரும்தான் கொடுத்தார் (1 அரசர்கள் 19).

கடைசியாக, வாங்கிய இரண்டு தடவை. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு கிடைத்தாலும், எடுத்ததைத் திருப்பித் தரும் கடமை நிற்கிறது. கணக்கு ஆயிரம் ரூபாயோடு முடியாது: அந்த இரண்டு லோடிலும் கூடுதலாகக் காட்டிய கிலோவுக்கு அன்றைய விலை என்ன என்று பாருங்கள். அதில் லாபம் வியாபாரிக்குத்தான் போனது, ஆனால் உங்கள் கை இல்லாமல் போயிருக்காது. எவ்வளவு உங்கள் பங்கு என்பதை உங்கள் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்திலேயே கேளுங்கள்; அதை அவர் வெளியே சொல்ல முடியாது. பெயரை வெளிப்படுத்தாமல் அவர் வழியாகவே ஆலைக்குச் சேர்க்கலாம், தவணையாகவும் கொடுக்கலாம். பீஸ் கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த சீசன் முடிவதற்குள் முதல் தவணை போகட்டும்.