அண்ணனுக்கு ஒரு பிரெஞ்ச் பிரஸ்

கேள்வி: அடுத்த மாதம் அண்ணனுக்கு 50 வயது முடிகிறது. மணலியில் ஷிப்ட் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பாலையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு, இன்ஸ்டன்ட் பொடியில் கறுப்புக் காபி போட்டு முகம் சுளித்துக்கொண்டே குடிக்கிறார். பொடியை ஊறவைத்துக் கம்பி வலையால் அழுத்தி வடிக்கும் குடுவையான பிரெஞ்ச் பிரஸ் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். "வீட்லதான் பில்டர் இருக்கே" என்கிறார் அண்ணி. எந்த அளவு வாங்குவது? வீட்டில் இருக்கும் பில்டர் பொடியையே அதில் போடலாமா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். பில்டரில் இறங்கும் டிகாக்‌ஷன் பாலோடு சேர்வதற்கென்றே கெட்டியாக இறங்குவது. அதில் வெந்நீர் விட்டுக் குடித்தால் சிக்கரியின் கசப்புதான் முன்னால் வந்து நிற்கும். பிரெஞ்ச் பிரஸில் பொடி முழுவதும் வெந்நீரில் ஊறி, சாறு இறங்கியபின் கம்பி வலை சக்கையைக் கீழே தள்ளிவிடுகிறது. பால் இல்லாமல் குடிப்பவருக்கு நல்ல பொருத்தம். அண்ணன் இன்னும் பால் காபிதான் குடிக்கிறார் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பத்து நாளில் பரணுக்குப் போய்விடும்.

வாங்குவதற்கு முன் அண்ணியிடம் ஒன்று கேளுங்கள்: அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் எப்படி இருக்கிறது? காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் உண்டு. அது கெட்ட கொலஸ்ட்ராலை (எல்.டி.எல்.) ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும், கம்பி வலை விட்டுவிடும். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். கூடுதலாக இருந்தால் பிரெஞ்ச் பிரஸை மறந்துவிட்டு, காகிதம் வைத்து வடிக்கும் கூம்பு டிரிப்பர் வாங்கிக் கொடுங்கள். பரிசு கொஞ்சம் எளிமையாகத் தெரியும், பரவாயில்லை.

அளவில் ஏமாறாதீர்கள். பெட்டியில் '3 கப்' என்று போட்டிருந்தால் அது 350 மில்லி. '8 கப்' என்றால் ஒரு லிட்டர். அவர்கள் கணக்கில் ஒரு கப் என்பது 120 மில்லி சொச்சம்தான். அண்ணன் ஒருவருக்கு 350 மில்லி போதும். கண்ணாடி பார்க்க அழகு. ஆனால் எவர்சில்வர் பாத்திரங்களோடு சிங்க்கில் கிடந்தால் எத்தனை நாள் தாங்கும்? இரட்டைச் சுவர் எவர்சில்வரில் வாங்குங்கள், சூடும் நிற்கும். கடையிலேயே கம்பியை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வலையின் ஓரம் சுவரை ஒட்டியே போக வேண்டும்.

இனி பொடி. பில்டர் பொடி கூடவே கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவசரத்துக்கு அதைத்தான் போட்டேன். நைஸான பொடி வலையை அடைத்துக்கொண்டது. பலம் கொடுத்து அழுத்தியதும் கொதிநீர் பீறிட்டு மணிக்கட்டில் கொட்டியது, கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. அதனால் வறுத்து அரைத்துத் தரும் காபிக் கடைக்கு நீங்களே நேரில் போங்கள். "பிளாண்டேஷன் ஏ, சிக்கரி வேண்டாம், கொரகொரன்னு அரைச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். பம்பாய் ரவையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் சரி. கடைக்காரர் சந்தேகமாகப் பார்ப்பார், விடாதீர்கள். பில்டருக்கு அரைத்த மிச்சம் மிஷினில் இருக்கும். அதைத் தள்ளிவிட்டு அரைக்கச் சொல்லுங்கள்.

பிளாண்டேஷன் ஏ என்பது அராபிகா வகைக் காபிக்கொட்டை. ரோபஸ்டா என்ற இன்னொரு வகையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி கஃபீன்தான் இதில் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்க வேண்டியவருக்கு இது முக்கியம். சிக்மகளூர், குடகு, நம் ஏற்காடு எதுவானாலும் நன்றாக இருக்கும். வறுவல் மட்டும் மிதமாக இருக்கட்டும். கருக வறுத்தால் பால் இல்லாத காபியில் அந்தக் கருகல் மட்டும்தான் தெரியும். கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். தினம் ஒரு தடவை 20 கிராம் என்றால் பன்னிரண்டு நாள் வரும். உங்கள் பக்கத்துக் கடல்காற்றில் பொடி சீக்கிரம் நமத்துவிடும், இறுக்கமான மூடி உள்ள டப்பாவும் சேர்த்துக் கொடுங்கள்.

செய்முறையை உங்கள் கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்: 'பொடி 20 கிராம், தண்ணீர் 300 மில்லி. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கும் கேன் தண்ணீர். கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி மூடு. நான்கு நிமிடம். மெதுவாக அழுத்து. உடனே முழுவதையும் டம்ளரில் ஊற்றிவிடு, உள்ளேயே விட்டால் கசந்துவிடும்.' அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும், கடைசி மடக்கை விட்டுவிடச் சொல்லுங்கள்.

வலையைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். சக்கையை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். அண்ணி வாசலில் வைத்திருக்கும் செடிகளுக்குப் போடலாம்.