தண்ணீர் கேனும் பாட்டிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பி.பி.ஏ. (பிஸ்பினால் ஏ) என்ற வேதிப்பொருள் இருக்கிறதா?
– மதுரை வாசகி

இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். பி.பி.ஏ. பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் மூலப்பொருள், பெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்டிலிருந்து தண்ணீரில் இறங்குபவை தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்க்கும் ஆன்டிமனி என்ற தனிமமும், பிளாஸ்டிக்கை உருக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளும்.

பாட்டில் தண்ணீரில் ஒரு மாதிரி வாசனை வருகிறது. குடிக்கலாமா?
– ஈரோடு வாசகர்

எந்த பாட்டில், எத்தனை நாள், எங்கே வைத்திருந்தீர்கள்? மூன்றில் ஒன்றையாவது எழுதியிருக்கக் கூடாதா? லேசான பழவாசனை என்றால் அசிட்டால்டிஹைடு. மிகச் சிறிய அளவையும் நாக்கு கண்டுபிடித்துவிடும், அஞ்ச வேண்டாம். பெயின்ட், மண்ணெண்ணெய் வாடை என்றால் கொட்டிவிடுங்கள்.

பகல் முழுக்கக் காரில் கிடந்த தண்ணீரைக் குடித்துவிட்டேன். ஆபத்தா?
– கோவை வாசகர்

ஒரு பகலுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். 2008இல் அரிசோனாவில் வெளியான ஆய்வில், ஆன்டிமனி அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 60 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 85 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றேகால் நாளே போதும். சூடும் நாளும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. மாதக்கணக்கில் கிடந்ததென்றால் செடிக்கு ஊற்றுங்கள்.

இருபது லிட்டர் கேனைக் கடைக்காரர் வாசலிலேயே அடுக்கி வைக்கிறார். கேட்டால் "தண்ணீர்தானே" என்கிறார்.
– சென்னை வாசகி

கேனை வெயிலில் வைக்காதீர்கள் என்று நானும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மே மாதம் ஒரு மதியம், எங்கள் தெருமுனைக் கடை வாசலில் ஏழு கேன்கள் வெயிலில் நின்றன. ஒன்றைத் தொட்டேன், குளிக்கக் கலந்த வெந்நீர்ப் பதம். பக்கமெல்லாம் கீறல், அடிப்பாகம் பால்போல் வெளுத்திருந்தது. கழுத்தின் உட்புறம் மெல்லிய பச்சைப் பாசி. அதைத்தான் அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கலக்க வாங்கிப் போனார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

கேன் பாலிகார்பனேட் என்றால் பி.பி.ஏ. பற்றிய கவலை நியாயமானது. சூடும், காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவதும் அந்தப் பிளாஸ்டிக்கைச் சிதைத்து பி.பி.ஏ.வைத் தண்ணீரில் விடுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தினசரி வரம்பை ஏறக்குறைய இருபதாயிரம் மடங்கு குறைத்தது; 2024 இறுதியில் உணவைத் தொடும் பொருள்களில் பி.பி.ஏ.வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை கொண்டுவந்தது. இங்கே நாம் கேனை வெயிலில் வேகவைக்கிறோம்.

வாங்கும்போது அடியைப் புரட்டி எண்ணைப் பாருங்கள். 7 என்று (பாலிகார்பனேட்டும் இந்த எண்ணில்தான் வரும்) இருந்து, வெளுத்தோ கீறியோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாசலில் நின்ற கேன் வேண்டாம், உள்ளே இருப்பதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் நிழலுக்கு மாற்றுவார்.

காலி தண்ணீர் பாட்டிலில் சூடான சீரகத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். பாட்டில் சற்று நெளிகிறது.
– திருச்சி வாசகி

நெளிந்ததைப் பார்த்த பிறகுமா ஊற்றுகிறீர்கள்? 70 டிகிரிக்கு மேல் பெட் இளகத் தொடங்கும். இன்றைக்கே எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள்.

தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் வைத்தால் டையாக்ஸின் என்ற நச்சு வருமாமே?
– நெல்லை வாசகர்

வராது. டையாக்ஸின் உண்டாகக் குளோரினும் சில நூறு டிகிரி சூடும் வேண்டும். பெட்டில் குளோரினே இல்லை. குளிரில் எதுவும் மெதுவாகத்தான் இறங்கும். கழுத்துவரை நிரப்பாதீர்கள், உறையும்போது பாட்டில் வெடிக்கும்.