வரிக் காசு திரும்ப வருமாண்ணே?

ஸ்கூல் லீவு நெருங்கிட்டா போதும், இந்தப் பக்கத்துக்கு வர்ற வாட்ஸ்அப்ல பாதி ஊர் சுத்தற கேள்விதான். இந்தத் தடவை டிக்கெட்டப் பத்தி ஒருத்தரும் கேக்கல, எல்லாருக்கும் ஏர்போர்ட்ல திருப்பித் தர்ற வரிக் காசு மேலதான் கண்ணு. பினாங் ஸ்ட்ரீட்ல டிக்கெட் போட்டுக் குடுத்துக்கிட்டிருந்த காலத்துலயும் கவுன்டர் முன்னாடி நின்னு இதேதான் கேப்பாங்க, அப்ப ரெண்டு வார்த்தையில சொல்லி அனுப்பிருவேன், இப்ப எழுதறதுக்கு இடம் இருக்கு, சரின்னு உக்காந்துட்டேன்.

கேள்வி: அண்ணே, போன மாசம் சிங்கப்பூர்ல அக்கா வீட்டுக்குப் போனப்ப 1,635 டாலருக்கு ஒரு போன் வாங்கினேன். கடையில பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி, ஊருக்குப் போறப்ப ஜிஎஸ்டி திரும்ப வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. நான் பஸ்ல வந்தேன். உட்லண்ட்ஸ் பார்டர்ல ரீஃபண்ட் மிஷினத் தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. பஸ்ஸயும் விட்டுட்டு அடுத்த பஸ்லதான் ஏறினேன். மிஷின் எங்கண்ணே இருக்கு? – வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: பஸ்ஸ விட்டதுதான் மிச்சம் தங்கச்சி, அங்க மிஷினே கிடையாது. பஸ்லயோ கார்லயோ உட்லண்ட்ஸ், துவாஸ் வழியா வந்தா ஒரு காசு திரும்ப வராது. சாங்கி, இல்லாட்டி செலேத்தார் ஏர்போர்ட்டுக்குப் போயி பிளைட் ஏறணும். கடைக்காரரு சொன்னது பொய் இல்ல, ஆனா "எப்படிம்மா ஊருக்குப் போறீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம்மளும் கேக்கறதில்லையே. பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணிட்டாலே காசு வந்துட்ட மாதிரி ஒரு நெனப்பு வந்துருது.

சரி, அடுத்த தடவ பிளைட்ல வர்றீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரே கடையில ஒரே நாள்ல 100 டாலருக்கு வாங்கியிருக்கணும், 3 ரெசிட் வரைக்கும் சேத்துக்கலாம். வாங்கின நாள்லேர்ந்து 2 மாசத்துக்குள்ள சாமானோட நாட்ட விட்டுக் கிளம்பணும். பெரிய சாமான் பெட்டியில போகுதுன்னா செக்-இன் பண்றதுக்கு முன்னாடி இருக்கற மிஷின்ல கேக்கணும், கையிலயே கொண்டு போற போன், வாட்ச் மாதிரி சாமானுக்கு இமிகிரேஷன் தாண்டினப்புறம் உள்ள இருக்கற மிஷின். அங்க வேலை பெர்மிட்ல இருக்கறவங்களுக்கு இது கிடையாது, ஜொகூர் பாருலேர்ந்து அங்க வேலைக்குப் போற பசங்க நிறைய பேரு இத தெரியாமலே கடையில பாஸ்போர்ட்ட நீட்டறாங்க.

அப்புறம் கணக்கு. வரி 9 பர்சன்ட்தானேன்னு 1,635ல 9 பர்சன்ட் போட்டு 147 டாலர்னு எழுதியிருக்கீங்க. அப்படி இல்ல, போனோட விலை 1,500, அதுல 9 பர்சன்ட் 135, ரெண்டும் சேந்துதான் 1,635. அந்த 135லயும் ரீஃபண்ட் கம்பெனி தன் பங்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தக் குடுக்கும். அதுக்காகன்னு பஸ்ஸ விட்டுட்டு பிளைட் டிக்கெட் எடுக்கறது லாபமான்னு டிக்கெட் விலையப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.

கேள்வி: தம்பி, மகளுக்கு தை மாசம் கல்யாணம். நகையும் பட்டும் எடுக்க சென்னைக்குப் போறோம். தி.நகர்ல ஒரு கடையில போன்ல விசாரிச்சப்ப, மலேசியா பாஸ்போர்ட் இருந்தா ஜிஎஸ்டிய ஏர்போர்ட்ல வாங்கிக்கலாம்னு அந்தப் பையன் சொன்னான். நம்பலாமா? – ஓர் அம்மா, ஆயர் ஈத்தாம்

பதில்: நம்பாதீங்கம்மா. இதே கேள்வி மொத்தம் 6 பேர்கிட்டேர்ந்து வந்திருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். இந்தியாவுல 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே ஐஜிஎஸ்டி சட்டத்துல 15-வது பிரிவுன்னு ஒன்னு போட்டாங்க, வெளிநாட்டு டூரிஸ்ட் வாங்கி எடுத்துட்டுப் போற சாமானுக்கு வரியத் திருப்பித் தரலாம்னு அதுல இருக்கு. பேப்பர்ல இருக்கு, நடைமுறைக்கு வரல. சென்னை ஏர்போர்ட்லயும் திருச்சியிலயும் இதுக்குன்னு ஒரு கவுன்டர் கிடையாது. கடைப் பையன் அந்தச் சட்டத்தப் படிச்சுட்டா சொல்லியிருப்பான், துபாய் கஸ்டமர் யாரோ அவங்க ஊர்க் கதைய சொல்லியிருப்பாங்க, அத அப்படியே உங்ககிட்ட ஒப்பிச்சிருப்பான்.

ஆனா நீங்க கவலப்பட வேண்டியது அந்த வரிக்கு இல்லம்மா. தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3 பர்சன்ட்தான், பட்டுப்புடவைக்கு 5. உங்க காசு போறது சேதாரத்துலயும் செய்கூலியிலயும். ஒரே டிசைன் ஆரத்துக்கு ஒரு கடையில ஒரு சேதாரம், எதுத்த கடையில இன்னொன்னு. கல்யாண நகைன்னா மொத்தமா எடுப்பீங்க, பேசறதுக்கு உங்களுக்கு இடம் இருக்கு, "பினாங்குலேர்ந்து வந்திருக்கோம், வேற கடையும் பாக்கணும்"னு சொல்லிட்டு எந்திரிக்கற மாதிரி ஒரு அசைவு போட்டாலே கால்குலேட்டர் மறுபடியும் வெளிய வரும். இதுல இன்னொரு வசதி, அந்த 3 பர்சன்ட் தங்கம், சேதாரம் எல்லாம் சேந்த தொகைக்குத்தான் போடறாங்க, சேதாரம் குறைஞ்சா வரியும் தானா குறையும். ஏர்போர்ட்ல கிடைக்காத ரீஃபண்ட கடை நாற்காலியிலயே வாங்கிட்டீங்கன்னு வெச்சுக்குங்க.

"பில் வேணாம்னா வரியக் கழிச்சுத் தரேன்"னு எவனாச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. நகையில ஹெச்யூஐடின்னு ஒவ்வொரு நகைக்கும் தனியா போடற 6 எழுத்து அடையாள நம்பர் இருக்கான்னு லென்ஸ் வெச்சுக் காட்டச் சொல்லுங்க, 2023 ஏப்ரல்லேர்ந்து அது இல்லாம ஹால்மார்க் நகை விக்கக் கூடாது. அதோட நம்ம ஊர்ல இறங்கறப்ப கஸ்டம்ஸ்ல நிறுத்தினா கையில பில் இருந்தாத்தான் பேச முடியும்.

கேள்வி: வேன் புடிச்சு 10 பேரு தாய்லாந்துல ஹட்ஞாய் போனோம். மொத்தம் 6,000 பாட்டுக்கு வாங்கியிருப்போம். சடாவ் பார்டர்ல வரியத் திரும்பக் கேட்டா ஆபீசர் சிரிக்கிறாரு. அவமானமாப் போச்சுண்ணே. – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: கிம் யோங் மார்க்கெட்ல முந்திரியும் காஞ்ச மாம்பழமும் மூட்டையா வாங்கிட்டு வரி கேட்டா நானே சிரிப்பேன்யா. தாய்லாந்துலயும் சிங்கப்பூர் கதைதான், 7 பர்சன்ட் வரி இருக்கு, இண்டர்நேஷனல் ஏர்போர்ட் வழியாப் போனாத்தான் திரும்ப வரும். ரோட்டு பார்டர்ல கிடையாது. மார்க்கெட் கடைங்க இந்தத் திட்டத்துலயே இல்ல, டூரிஸ்ட்டுக்கு வரி ரீஃபண்ட் உண்டுன்னு போர்டு மாட்டியிருக்கற கடையில ஒரே நாள்ல 2,000 பாட்டுக்காவது வாங்கணும், வாங்கின அன்னைக்கே பாஸ்போர்ட்டக் காட்டி ரீஃபண்ட் பாரத்த, அதாவது ஃபார்ம, எழுதி வாங்கணும். மறுநாள் போயி கேட்டா தர மாட்டாங்க. 10 பேரு பில்லையும் ஒன்னாச் சேக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, பாரம் பாஸ்போர்ட் பேர்ல போடறது, எப்படிச் சேப்பாங்க?

பேங்காக் போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். வாங்கினது பெரிய தொகைன்னா சுவர்ணபூமி ஏர்போர்ட்ல செக்-இன் பண்றதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் கவுன்டர்ல பாரத்துல முத்திரை வாங்கிருங்க, சாமானக் காட்டச் சொன்னா காட்டற மாதிரி பெட்டியில மேலயே வைங்க. நான் வெச்சது அடியில. பின்னாடி 20 பேரு நிக்க, தரையில பெட்டியத் திறந்து, துரியான் சிப்ஸ், வீட்டம்மா வாங்கின பிளாஸ்டிக் பூ, அழுக்குத் துணி எல்லாத்தையும் ஒன்னொன்னா வெளிய வெச்சு, கடைசியில பாரத்துல இருந்த பட்டுத் துணிய எடுத்து நீட்டினா கஸ்டம்ஸ் அம்மா முழுசாக்கூட பாக்கல, டக்குன்னு முத்திரையக் குத்திட்டுத் தலைய ஆட்டிட்டாங்க. எடுத்தத மறுபடியும் அடைக்கத்தான் கால் மணி நேரம் ஆச்சு.

கேள்வி: மகன் மான்செஸ்டர்ல படிக்கிறான், பட்டமளிப்புக்குப் போறோம். லண்டன்ல வாங்கற சாமானுக்கு எவ்வளவு திரும்ப வரும்? – சுங்கை டுவா

பதில்: ஒன்னும் வராது. அங்க விற்பனை வரிக்கு வாட்னு பேரு, 20 பர்சன்ட், ஆனா டூரிஸ்ட்டுக்குத் திருப்பித் தர்ற திட்டத்த 2020 கடைசியோட மூடிட்டாங்க, நார்தர்ன் அயர்லாந்துல மட்டும் இருக்கு. கடையே நேரா நம்ம ஊர் அட்ரஸுக்கு அனுப்பினா வாட் இல்லாம விக்கலாம், ஆனா இங்க வந்து இறங்கறப்ப நம்ம கஸ்டம்ஸ் ஒரு பில் நீட்டும். லண்டன்லேர்ந்து ரயில்ல பாரிஸ் போறதா எழுதியிருக்கீங்க இல்லையா, வாங்கறத அங்க வாங்குங்க. ஒரே கடையில 100 யூரோவுக்கு மேல வாங்கிட்டு பாரம் கேளுங்க, திரும்பி ரயில் ஏறறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்லயே பாப்லோன்னு ஒரு மிஷின் இருக்கும், அதுல பாரத்தோட பார்கோட ஸ்கேன் பண்ணணும். லண்டன் வந்து சேந்துட்டா ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்துட்டீங்க, அங்க எவனும் அந்தப் பாரத்தத் தொட மாட்டான்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுல எல்லாம் சுலபம்னு சொல்றாங்களே? – பாயான் பாரு

பதில்: சுலபம்தான், எனக்கு மட்டும் கிடைக்கல. ஒரு கடையில, அதாவது ஒரே வியாபார நம்பர்ல, 300 டாலருக்கு வாங்கியிருக்கணும், நாட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முந்தின 60 நாளுக்குள்ள வாங்கினதா இருக்கணும், டேக்ஸ் இன்வாய்ஸ் வேணும், அது 1,000 டாலரா இருந்தாலோ தாண்டினாலோ இன்வாய்ஸ்ல உங்க பேரு இருக்கணும். வரி 10 பர்சன்ட், அதனால விலையில 11ல ஒரு பங்கு திரும்ப வரும். நடுவுல கம்பெனி கிடையாது, அரசாங்கமே குடுக்குது, அதனால பிடித்தமும் இல்ல.

நான் ஒரு தடவ வீட்டம்மா குடுத்த லிஸ்ட்டப் பாத்து நாத்தனார், கொழுந்தியா, பக்கத்து வீட்டு ஆண்ட்டி எல்லாருக்கும் சேத்து ஒரே பார்மசியில லனோலின் கிரீமும் லோஷனுமா 330 டாலருக்கு வாங்கினேன். திரும்ப வர வேண்டியது 30 டாலர். எல்லாத்தையும் பெட்டியில போட்டு செக்-இன் பண்ணிட்டு, இமிகிரேஷன் தாண்டி, கவுன்டர்ல ரெசிட்ட நீட்டினா "சாமான் எங்க?"ன்னாரு. அது இந்நேரம் பிளைட் வயித்துக்குள்ள இருக்கும். கிரீம், லோஷன், பெர்ஃப்யூம் மாதிரி கையில கொண்டு போக முடியாத சாமான செக்-இன்னுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ் ஆபீஸ்ல காட்டி இன்வாய்ஸ்ல முத்திரை வாங்கியிருக்கணுமாம். கவுன்டர் பக்கத்துலயே பெருசா எழுதித் தொங்குது, நான்தான் படிக்கல. இன்னொன்னு, பிளைட் கிளம்பறதுக்கு 30 நிமிஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், அந்த கியூவ நம்பி கடைசி நேரத்துல போகாதீங்க. போன்லயே விவரத்த முன்கூட்டி ஏத்தி வெச்சுக்கற ஆப் இருக்கு, வேற வரிசை, சீக்கிரம் நகரும்.

கேள்வி: ஜப்பான்ல கடையிலயே வரியக் கழிச்சுக் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். – பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஆமா, வரி சேக்காம 5,000 யென்னுக்கு வாங்கினா பாஸ்போர்ட்டக் காட்டி அங்கேயே கழிச்சுக்கலாம், அழகான ஏற்பாடு. சாக்லேட், கிரீம் மாதிரி சாமான பையில போட்டு சீல் வெச்சுக் குடுப்பாங்க, ஹோட்டல் ரூம்ல பிள்ளைங்க பிரிச்சிரக் கூடாது. ஆனா 2026 நவம்பர் 1லேர்ந்து இந்த முறை மாறுது, வரியோட முழு விலையும் குடுத்துட்டு ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் பாத்தப்புறம் திரும்ப வாங்கணும். அதுக்கப்புறம் போறவங்க பர்ஸ்ல கொஞ்சம் கூடவே வெச்சுக்குங்க.

கேள்வி: திருச்சிலேர்ந்து மாமா குடும்பம் வருது. நம்ம ஊர்ல அவங்களுக்கு வரி திரும்பக் கிடைக்குமா? – ஜெலுத்தோங்

பதில்: கிடைக்காது. 2015 ஏப்ரல்ல 6 பர்சன்ட் ஜிஎஸ்டி வந்தப்ப டூரிஸ்ட்டுக்கு 300 வெள்ளிக்கு வாங்கினா ரீஃபண்ட் இருந்துச்சு. 2018 ஜூன்ல ஜிஎஸ்டிய ஜீரோவாக்கி, செப்டம்பர்ல எஸ்எஸ்டி, அதாவது பழைய விற்பனை, சேவை வரி, திரும்ப வந்ததும் அது போச்சு. மாமாவுக்கு சாக்லேட்டும் பாட்டிலும்தான் முக்கியம்னா லங்காவிக்குக் கூட்டிட்டுப் போங்க, அது டியூட்டி ஃப்ரீ தீவு.

கேள்வி: அங்க வரியத் திரும்ப வாங்கிட்டா, இங்க கஸ்டம்ஸ்ல ஒன்னும் காட்டாம கிரீன் லேன்ல வரலாமா? ரீஃபண்ட கேஷா வாங்கறதா, கார்டுலயா? – செந்தூல்

பதில்: ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த நாட்டுக்காரன் அவன் வரியத் திருப்பிக் குடுத்தான், நம்ம கஸ்டம்ஸ் தன் கணக்கத் தனியாப் போடும். வரம்புக்கு மேல புது சாமான் இருந்தா ரெட் லேன்ல போயி சொல்லிருங்க, ரீஃபண்ட் பாரத்துலயே நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு உங்க கையெழுத்தோட இருக்கு, அப்புறம் பழைய வாட்ச்னு கத விட முடியாது. காசு விஷயத்துல, பெரிய தொகைன்னா கார்டு, நாள் ஆகும் ஆனா பிடித்தம் பெரும்பாலும் கம்மி, அது வர்ற வரைக்கும் அந்தக் கார்ட கேன்சல் பண்ணாதீங்க. சின்னத் தொகைன்னா கேஷ். அப்ப "ரிங்கிட்லயே தரட்டுமா"ன்னு கேப்பாங்க, வேணாம்னு சொல்லிருங்க, அவங்க போடற ரேட்ல நமக்குத்தான் நஷ்டம். அந்த ஊர்க் காசாவே வாங்கி, கேட் பக்கத்துல ஒரு மீ கோரெங் சாப்பிட்டுட்டு ஏறுங்க.