ஐஎன்எஸ் நீலகிரி: பழையதும் புதியதும்

2025இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பலான ஐஎன்எஸ் நீலகிரி, பழைய நீலகிரியைப் புதுப்பித்ததா, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதுப்பித்தது அல்ல. பழைய நீலகிரி 1972 ஜூனில் பணியில் சேர்ந்து 1996இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போதுள்ளது 2017இல் அடிக்கட்டை இடப்பட்டு, அதாவது கட்டுமானம் முறைப்படி தொடங்கி, 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் பணியில் சேர்ந்த வேறு கப்பல். ஓய்வு பெற்ற கப்பலின் பெயரைப் புதியதற்குச் சூட்டுவது கடற்படை மரபு. இரண்டையும் கட்டியது மும்பையின் மசகான் டாக் கப்பல் கட்டும் தளமே.

பழைய நீலகிரி, பிரிட்டனின் லியாண்டர் வகை ஃபிரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். வரைபடம் அவர்களுடையது, கட்டியவர்கள் நாம். அதை வெறும் நகல் என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குமுன் இத்தனை பெரிய நவீனப் போர்க்கப்பல் எதுவும் இந்தியாவில் கட்டப்பட்டதில்லை. வரைபடம் கையில் இருந்தாலும், கொதிகலனையும் டர்பைனையும் பீரங்கியையும், நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனாரையும் ஒரே உடலுக்குள் பொருத்தும்போதுதான் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். அந்த வரிசையில் ஆறு கப்பல்கள் வந்தன. கடைசி இரண்டான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் பெரிய சீ கிங் ஹெலிகாப்டருக்கு இடம் தரும்படி நம்மவர்களே வடிவத்தை மாற்றினார்கள். நீர்மூழ்கியைத் தேடும் கப்பலுக்கு ஹெலிகாப்டர்தான் நீண்ட கை.

அடுத்து 1983இல் கோதாவரி. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கப்பல் இதுதான். லியாண்டர் உடலை நீட்டி, இரண்டு சீ கிங்குகளை ஏற்றி, சோவியத் ஏவுகணைகளையும் மேற்கத்தியக் கருவிகளையும் ஒன்றோடொன்று இணங்கி இயங்கச் செய்தது நம் கடற்படையின் வடிவமைப்புப் பிரிவு. 1988இல் மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது, பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியோடிய கூலிப்படையினரைக் கடலில் மடக்கியதும் கோதாவரிதான். 2010இல் வந்த ஷிவாலிக், இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஸ்டெல்த் ஃபிரிகேட், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதபடி வடிவமைத்த கப்பல்.

புதிய நீலகிரி அந்த ஷிவாலிக்கின் வளர்ச்சி. நீளம் 149 மீட்டர், எடை சுமார் 6,670 டன், அதாவது பழையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். வேகம் மட்டும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, மணிக்கு 28 கடல் மைல் அளவில். ஐம்பது ஆண்டு முன்னேற்றம் வேகத்தில் தெரியாது. பிரம்மோஸ், பராக்-8 ஏவுகணைகளிலும், ரேடார் அலை வந்த வழியே திரும்பாதபடி சாய்த்து அமைத்த பக்கச் சுவர்களிலும் தெரியும். ஸ்டெல்த் என்றால் கப்பல் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எதிரியின் திரையில் சிறிதாகவும் தாமதமாகவும் தெரியும், அவ்வளவுதான். கடற்போரில் அந்தத் தாமதமே பெரிய லாபம்.

உடலுக்கான எஃகு இங்கேயே உருவாக்கப்பட்டது, வடிவமைப்பும் நம்முடையது. ஆனால் முழு வேகத்தில் செல்லும்போது கப்பலைத் தள்ளும் எரிவாயு டர்பைன்கள் இன்னும் அமெரிக்க வடிவமைப்பில் உருவானவை. பெருமைப்படுவதோடு இதையும் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து.