பாலாற்றுப் பக்கம் பழைய குடியிருப்புகளைத் தேடுவது: கேள்வி பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு விவசாயி: கொல்லையை உழும்போது கருப்பு சிவப்பு பானை ஓடு நிறைய வருதும்மா. அங்க ஊர் இருந்திருக்குமா?

முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள் ஐயா: அந்தக் கொல்லைக்கு ஏரி வண்டலோ நத்தமேட்டு மண்ணோ அடித்ததுண்டா? வண்டி வண்டியாக எருவுக்குப் போன மண்ணில் ஓடும் சேர்ந்தே போயிருக்கும். அப்படி வந்த ஓடு பெரும்பாலும் சின்னதாக, ஓரம் மழுங்கி, கொல்லை முழுக்கச் சிதறிக் கிடக்கும். உடைந்த ஓரம் கூராக, ஒரே பானையின் பல துண்டுகள் ஓரிடத்தில், கூடவே சாம்பல் நிற மண்ணும் எலும்பும் இரும்புக் கசடும் இருந்தால் அது அங்கேயே கிடந்ததாக இருக்கலாம்.

அதற்குப் பிறகும் ஊர் என்று முடிவு கட்ட முடியாது. கருப்பு சிவப்பு பானையை வீட்டிலும் புழங்கினார்கள், ஈமக்குழியிலும் வைத்தார்கள். பக்கத்தில் உருண்டைப் பாறைகள் வட்டமாக நிற்கின்றனவா என்று பாருங்கள்; நின்றால் அது ஊராக இல்லாமல் ஈமக்காடாக இருக்கலாம். இப்படிப்பட்ட கல்வட்டங்களை ஜல்லிக்கு உடைத்துவிட்டால் பிறகு மேலோட்டமாகப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். தோண்டிப் பார்க்காதீர்கள். கிணற்றின் பக்கச் சுவரிலோ ஓடை அரித்த கரையிலோ ஓடு ஒரே மட்டத்தில் அடுக்காகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

காட்பாடி, முதுகலை மாணவர்: மேற்பரப்பாய்வுக்கு (தோண்டாமல், நிலத்தில் நடந்து ஓடு தேட) நாலு பேர்தான் இருக்கிறோம் அக்கா. எப்படி நடப்பது?

மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி, அதன்மேல் ஒரு மழை பெய்து மண் கழுவிய பிறகு போங்க தம்பி. நெல் நட்ட கழனியில் நடந்து பயனில்லை. ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி விட்டு, இரு பக்கமும் ஒரு மீட்டர் மட்டும் பார்த்து நடங்கள். ஒரு ஹெக்டேருக்கு 10 வரிசை, மொத்தம் 1 கிலோமீட்டர் நடை. அதில் கண்ணில் பட்டது 20 சதவீத நிலம்தான் என்பது எழுதும்போது மறந்துவிடக் கூடாது.

அழகான துண்டை மட்டும் பொறுக்குவதுதான் பெரிய கேடு. முதலில் எண்ணுங்கள், பிறகு எடுங்கள். ஒன்றும் கிடைக்காத வரிசைக்கும் பூஜ்யம் போடுங்கள். தரை எவ்வளவு தெரிந்தது என்பதையும் குறியுங்கள். புல் மூடிய கொல்லையில் கிடைத்த 10 ஓடும் வெறும் தரையில் கிடைத்த 10 ஓடும் சமமல்ல. பைக்குள் வைக்கும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப்போகும்.

ராணிப்பேட்டை: பழைய நிலப்படம் எங்கே பார்ப்பது?

வேலூர் நகரம் சர்வே ஆஃப் இந்தியாவின் 57 P/1 தாளில் வரும். ஆம்பூர், திருப்பத்தூர் பக்கம் 57 L தொகுதி. அதோடு அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களையும் பாருங்கள். 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995இல் ரகசியம் நீக்கப்பட்டது. மனைப்பிரிவும் குவாரியும் வருமுன் மேடு எங்கே இருந்தது என்று தெரியும். ஓரங்களில் படம் வளைந்திருக்கும். இன்றைய வரைபடத்தோடு பொருத்த ஏரிக்கரை முனை, கோயில் குளத்தின் மூலை போன்ற அசையாத புள்ளிகளை எடுங்கள்; மலையுச்சியை எடுத்தால் பிசகும்.

ஆம்பூர்: கரித்துண்டைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் வயது சரியாக வந்துவிடுமா?

விதை கிடைத்தால் விதையையே அனுப்புங்கள். திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் கொள்ளு, பச்சைப்பயறு கிடைத்தன. விதை ஒரே பருவத்தில் விளைந்தது. கரியோ பெருமரத்தின் வைரமாக (பழைய உள்மரமாக) இருந்தால், அடுப்பில் எரிந்த காலத்தைவிட நூறாண்டுகூட முந்திக் காட்டும். இன்னொரு சிக்கல், கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு தட்டையாகிவிடுகிறது; அதற்குள் எந்த ஆண்டு என்று பிரித்துச் சொல்வது கடினம். நம் இரும்புக்காலத்தின் ஒரு பகுதி அதற்குள்தான் விழுகிறது. அதனால் ஒற்றைத் தேதியை வைத்து வாதாடாதீர்கள். அடுக்கு வரிசைப்படி பல மாதிரிகள் வேண்டும். மாதிரியைப் பஞ்சிலோ காகிதத்திலோ பொதியாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

அணைக்கட்டு: வயல் வரப்பில் நடுகல் சாய்ந்து கிடக்கிறது. என்ன செய்யலாம்?

நகர்த்த வேண்டாம். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். எண்ணெய், சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் தடவாதீர்கள். மாலையில் சாய்வெயிலில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அளவுகோல் வைத்து, கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.